மூன்று ராஜாக்கள் வரும் வரை

பிப்ரவரி 9

மீனவர் சங்கத்துச் செயலாளர் அருளப்பன் சார் இந்த டைரியைக் கொடுத்தார். அட்டையில் ஏதோ உரக் கம்பெனி படம். "எமல்டா, என்னவெல்லாம் ஞாபகம் வருதோ அதையெல்லாம் எழுதி வச்சுக்க. விசாரணைக்கு ஒதவும்" என்றார். நான் ஆறாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணலாக வரும். பரவாயில்லை என்றார்.

எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் ததேயுஸ். விசைப்படகில் ஸ்ராங்க். படகை ஓட்டுவதும், எங்கே வலை விடுவது என்று சொல்வதும் அவர்தான். கிறிஸ்துமஸ், புதுவருஷம் முடிந்து ஜனவரி 3 காலையில் ஏழு பேராகக் கடலுக்குப் போனார்கள். 5ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு மேல், கொட்டுகிற மழையில், ஒரு சரக்குக் கப்பல் படகின் மேல் வந்து ஏறியது. படகு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆறு பேர் போனார்கள். என் கொழுந்தன் கிளீட்டஸ் மட்டும் மிஞ்சினான். நான்கு உடல் வந்தது. அவர் வரவில்லை. அவருடைய நீலச் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கினோம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

இன்றைக்கு இது போதும். அரிசி ஊறுகிறது.

பிப்ரவரி 11

துணி துவைத்தேன். அவர் துணி இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 12

பக்கத்து வீட்டு ஜெனோபா சாளைக் கறி கொண்டுவந்தாள். அவள் புருஷனும் அதே படகில் போனவர்தான். அவர் உடல் வந்தது. என்னைவிட அவள் கொடுத்துவைத்தவள் என்று அவளே சொல்வாள். சொல்லிவிட்டு அழுவாள்.

"அந்தக் கப்பல ஓட்டினவன் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போவட்டு" என்றாள். "யாரு காரணமோ அவனுக்க வம்சம் வெளங்காம போவட்டு. எடி, நீயும் ஒரு ஆமென் சொல்லேன்."

ஆமென் என்றேன். கறியில் உப்புக் கூடுதல்.

பிப்ரவரி 14

நாற்பத்தொன்றாம் நாள் பூசை. பூசை முடிந்து கிளீட்டஸ் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை பேசுகிறவன். இப்போது ஒன்றையே இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது.

கப்பல் மோதிவிட்டுப் போய்விடவில்லையாம். சுற்றி வந்து நின்றதாம். சின்னப் படகு இறக்கித் தேடினார்களாம். கிளீட்டஸைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினவன், மோதும்போது கப்பலை ஓட்டும் பொறுப்பில் இருந்த அதே ஆபீசர். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். பெயர் டெல்வின் மச்சாது.

"நம்ம பாஷ பேசினான் மைனி. 'அண்ணே விடாதிங்க, அண்ணே விடாதிங்க'ன்னு கெடந்து கத்தினான். என்னப் படுக்க வச்சுட்டு அவன் இருந்து அழுதான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. போர்த்தித் தந்தான். காப்பி தந்தான்."

பிப்ரவரி 15

எருமைப் பால்காரரிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டன் சாயா எனக்குப் போதும்.

பரணைத் துடைத்தேன். வீட்டு முகப்பில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பழைய சேலையில் சுற்றி அங்கே இருக்கிறது. செய்தி வந்த அன்று, ஆட்கள் கூடுவதற்கு முன்னால், நானே இறக்கிச் சுற்றி வைத்தேன். துக்க வீட்டில் நட்சத்திரம் தொங்கக் கூடாதில்லையா. யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்த நட்சத்திரத்துக்குத்தான் எங்கள் அன்பியத்தில், கோயிலின் எங்கள் தெருக் குழுவில், முதல் பரிசு கிடைத்தது. மூங்கிலில் கட்டியவர்களுடையதெல்லாம் டிசம்பர் மழையில் நைந்து தொங்கியது. எங்களுடையது மட்டும் நின்றது. பரிசு ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. அதில்தான் கஞ்சித் தண்ணி எடுத்து வைக்கிறேன்.

பிப்ரவரி 23

பங்குக் கோயில் மண்டபத்தில் எல்லாக் குடும்பத்தையும் கூட்டினார்கள். சங்கத்தின் பக்கம் பேச ஒரு கேப்டன் சார் வந்திருக்கிறார். முப்பது வருஷம் பெரிய கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். எங்களுக்குப் புரிய வேண்டும் என்று கஷ்டப்பட்டார்.

ஒரு பெரிய தாளை மேஜையில் விரித்தார். வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டிருந்தது. நடுவில் இருக்கிற புள்ளிதான் கப்பல். ரேடார் என்கிற திரையில் மற்ற கப்பல்களும் படகுகளும் வெள்ளைப் பொட்டாகத் தெரியுமாம். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை, அந்தப் பொட்டு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று பார்த்துத் தாளில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். மூன்று குறி விழுந்ததும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு நடுப்புள்ளியை விட்டு விலகிப் போனால் பயமில்லை. நடுப்புள்ளி வழியாகவே போனால் மோதும். இப்போதெல்லாம் மெஷினே கோடு போடுமாம். ஆனாலும் கணக்கு அதே கணக்குதான்.

"ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க" என்றார். "ஒரு பொருள் திசை மாறாம, தூரம் மட்டும் கொறஞ்சுகிட்டே வந்தா, அது உங்க மேலதான் வருது. அது தானா ஒதுங்கும்னு காத்திருக்கக் கூடாது. நீங்கதான் ஒதுங்கணும்."

ஜெனோபா எழுந்து நின்றாள். "அப்பம் எங்க போட்டுக்க குறி எங்க சார்?"

கேப்டன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாம்மா விஷயமே. கப்பல்ல ரேடார் படமெல்லாம் தானா பதிவாகும். நான் பாத்தேன். மழையும் ரேடார்ல வெள்ளையாத் தெரியும். அந்தப் படத்துல மழை மட்டும்தான் இருக்கு. உங்க போட் இல்ல."

மண்டபத்தில் ஒரே சத்தம். அவர் கையை உயர்த்தினார். மழை வெள்ளையைக் குறைக்க ரேடாரில் ஒரு குமிழ் உண்டாம். அதைக் கூடுதலாகத் திருகினால் மழையோடு சேர்ந்து சின்னப் படகும் அழிந்துபோகுமாம். நான் அப்படித் திருகவில்லை, கண்ணெடுக்காமல் பார்த்தேன், பொட்டு எதுவும் வரவில்லை என்று அந்த ஆபீசர் எழுதிக் கொடுத்திருக்கிறானாம்.

பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்தார். ரிப்ளெக்டர். எட்டு மூலை வைத்த அலுமினியத் தகடு, ஒரு சின்னக் குடம் அளவு. படகுக் கம்பத்தின் உச்சியில் கட்டுவது. மரப்படகும் ஃபைபர் படகும் ரேடாருக்குச் சரியாகத் தெரியாது. இந்தத் தகடு இருந்தால் ரேடார் அனுப்புகிற அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். சின்னப் படகும் பெரிய பொட்டாகத் தெரியும். மழைக்குள்ளேயும் தெரியும்.

"இது உங்க போட்ல இருந்திருந்தா, அவன் குமிழத் திருகித்தான் அழிச்சிருக்கான். இல்ல, அவன் பாக்கவே இல்ல. ரெண்டுல எதுவானாலும் தப்பு அவன் மேல. இது இல்லேன்னா..." என்று நிறுத்தினார். "இருந்துதா?"

கிளீட்டஸ் எழுந்தான். "இருந்து சார். கம்பத்துக்க உச்சில இருந்து."

அந்தத் தகட்டைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். என் கைக்கு வந்தபோது பார்க்காமல் அடுத்தவளிடம் கொடுத்துவிட்டேன். அதன் கனம் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 24

தலைவலி. சமைக்கவில்லை.

மார்ச் 2

தூக்கின் மூடியை வைத்து டைரியில் வட்டம் போட்டுப் பார்த்தேன். சின்ன வட்டத்துக்குப் பவுடர் டப்பா மூடி. நடுப்புள்ளி என் வீடு. ஜெனோபா தினமும் காலை எட்டு மணிக்கு அவள் வீட்டிலிருந்து வருகிறாள். கிழக்கே. பன்னிரண்டு அடி, ஒன்பது அடி, நான்கு அடி. திசை மாறுவதே இல்லை.

மார்ச் 6

கிளீட்டஸ் வந்தான். உட்காரவில்லை.

"மைனி, அடுத்த வாரம் கழிஞ்சு ஒங்களயும் விசாரணைக்குக் கூப்பிடுவாவ. போட்டுல ரிப்ளெக்டர் பாத்தியளான்னு கேப்பாவ. பாத்தேன்னு சொல்லணும், கேட்டியளா."

"பாக்கலியே கிளீட்டஸு."

"பாத்திய மைனி." குரலை இறக்கினான். "எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாண்டாம். அது இல்லேன்னு ஆனா ஆறு குடும்பத்துக்கும் ஒண்ணும் கெடைக்காது. ஸ்ராங்குக்க தப்புன்னு எழுதுவான். அண்ணன் அஞ்சு பேரக் கொண்டுபோய்க் கொன்னான்னு எழுதுவான். அத விடுங்க. ஜெனோபா அக்கா மொகத்துல முழிக்க முடியுமா ஒங்களுக்கு?"

நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சிந்திவிட்டது.

மார்ச் 17

அருளப்பன் சார் டைரியைக் கேட்டார். நனைந்துவிட்டது, எழுதவே இல்லை என்றேன். இனி இது எனக்கு மட்டும்.

மார்ச் 19

துறைமுகத்து விசாரணை ஆபீசுக்கு வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜெனோபா எனக்குத் தன் நல்ல சேலையைக் கட்டிவிட்டாள். பெரிய ஹால், ஃபேன் சத்தம். ஓரமாக அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை. நெட்டையாக, ஒல்லியாக, காது இரண்டும் விரிந்து. நான் ஒரு தடியனை நினைத்து வைத்திருந்தேன்.

பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

"உங்கள் கணவரின் படகில் ரேடார் ரிப்ளெக்டர் இருந்ததா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

பார்த்தேன் என்று மட்டும் சொன்னால் போதும் என்றுதான் எங்கள் வக்கீல் சொல்லியிருந்தார். நான் அதோடு நிறுத்தவில்லை. "கெளம்பின அண்ணைக்குக் கடப்பொறத்துல நின்னு பாத்தேன். காலத்த வெயிலு பட்டு மின்னிச்சு. கண்ணுக்கு மறையற வரைக்கும் அதையேதான் பாத்துட்டு நின்னேன்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பையன் எழுந்துவிட்டான். "அக்கா, நெசமாவா? நெசமாப் பாத்தியளா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவன் கேட்பது மாதிரி கேட்டான். அவனுடைய வக்கீல் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பாத்தேன்" என்றேன்.

வேனில் எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். கேப்டன் சார், "உங்க சாட்சிதாம்மா நின்னுச்சு" என்றார். வழியில் ஓட்டலில் பரோட்டா வாங்கித் தந்தார்கள். இரண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 20

வேனில் வரும்போது யோசித்தேன். அப்படி ஒன்று மின்னியதைப் பார்த்தது உண்மைதான். அவரை அனுப்பிவிட்டுக் கடற்கரையிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலிருந்தே தெரிந்தது, எங்கள் வீட்டு முகப்பில்.

டிசம்பரில் படகு கரையில் கிடந்தபோது அவர்தான் கம்பத்திலிருந்து அந்தத் தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். எங்கள் மூங்கில் நட்சத்திரம் மழையில் போய்விட்டது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். "எடி, இந்தா பாரு, எட்டு மொன. எந்த மழையும் ஒண்ணும் செய்யாது" என்றார். மஞ்சள் ஜிகினாத்தாள் ஒட்டினோம். கீழே வால் கட்டி, உள்ளே பல்பு போட்டார். யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 3 காலையில் அதை எடுத்துக்கொண்டு போக ஏணி கொண்டுவந்தார். நான் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூன்று ராஜாக்கள் திருநாள் ஆறாம் தேதி. நட்சத்திரத்தைப் பார்த்தே வழி தெரிந்து அவர்கள் பாலன் குடிலுக்கு வந்து சேரும் வரை அதை இறக்கக் கூடாது. எங்கள் அம்மா வீட்டில் அதற்கு முன்னால் இறக்கியதே கிடையாது. அதிலும் இது பரிசு வாங்கிய நட்சத்திரம்.

"ராஜாக்க வழி தெரியாம நிக்கணுமா?" என்றேன். "மூணு நாளுதான. அடுத்த தங்கலுக்குக் கடலுக்குப் போவும்போது கொண்டு போங்க."

அவர் சிரித்தார். "சரி, ஒனக்க ராஜாக்க வரட்டு" என்றார். ஏணியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவுதான் நடந்தது.

ஏப்ரல் 15

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தடவை என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அங்கேயே சொல்லி முடித்துவிட்டேன்.

ஏப்ரல் 28

வலை பின்னும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். விரல் இரண்டு இடத்தில் அறுத்துவிட்டது.

மே 17

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் வாசலில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கையில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம். "எமல்டா அக்கா வீடு இதுதான?" என்றாள். "எம்பேரு ஹில்டா. டெல்வினோட அம்மா."

உள்ளே வரச் சொன்னேன். பரணுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். சாயா போட்டேன்.

"எக்கா, எம்புள்ள ஒங்க வீட்டுக்காரரக் கொன்னுபுட்டான். நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல. அவன் சொல்லுததெல்லாம் பொய்யி. எங்கிட்டயும் அதேதான் சொல்லுதான். 'எம்மா, நான் பாத்துக்கிட்டுத்தாம் இருந்தேன், ஒண்ணுமே தெரியல'ன்னு. பெத்தவ எங்கிட்டயாவது உண்மயச் சொல்லுலன்னு கேட்டேன். திரும்பத் திரும்ப அதயே சொன்னான். செருப்பக் கழத்தி அடிச்சிட்டேன்க்கா. இருவத்தேழு வயசுப் புள்ளய. கையக்கூடத் தடுக்கல."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சின்னதுல இருந்து பொய்யே சொன்னதில்ல. எதயாவது ஒடச்சாலும் நாந்தாம் ஒடச்சேன்னு வந்து நிப்பான். அதான் எனக்குத் தாங்கல. இம்புட்டுப் பெரிய காரியத்துல போயா பொய் சொல்லணும்?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களப் பாத்தாலே தெரியுதே. நீங்க பொய் சொல்லுத ஆளா?"

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாற்காலி போட்டு ஏறி, பரணில் கைவிட்டு எடுத்து அவள் மடியில் வைத்திருக்கலாம். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனோபா சிரித்தாள். யாரிடமோ போனில். ஜனவரிக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

"நான் மன்னிச்சாச்சு" என்றேன்.

ஹில்டா என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மக்ரூனில் பாதியை ஜெனோபாவுக்குக் கொடுத்தேன். யார் தந்தது என்றாள். சொந்தக்காரர் என்றேன். நல்ல ருசி என்றாள்.

ஜூன் 8

கடல் அடைப்பு, விசைப்படகு மீன்பிடிக்கப் போகக் கூடாத காலம். தெருவெல்லாம் ஆண்கள். எங்கள் வரிசையில் மட்டும் இல்லை.

ஜூலை 30

தீர்ப்பு மாதிரி ஒரு தாள் வந்தது. அருளப்பன் சார் மண்டபத்தில் வாசித்தார். அந்தப் பையன்தான் பொறுப்பு. பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, பார்த்ததாகப் பொய்யும் சொன்னான் என்று எழுதியிருக்கிறார்கள். கப்பலில் வேலை செய்கிற சர்டிபிகேட்டைப் பறித்துவிட்டார்கள். போலீஸ் கேஸ் தனியாக நடக்கும்.

தெருவில் வெடி போட்டார்கள். ஜெனோபா மிக்சர் வாங்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் கிளீட்டஸ் வந்தான். குடித்திருந்தான். படியில் உட்கார்ந்து தலையை முட்டுக்குள் வைத்துக்கொண்டு பேசினான்.

"மைனி, மழ நேரத்துல கப்பலு அடிக்க வேண்டிய ஹார்ன அவன் அடிச்சான். ரெண்டு தடவ. நல்லாக் கேட்டு. நான் கேக்கலேன்னு எழுதிக் குடுத்தேன்."

"அப்பம் ஒதுங்கியிருக்கலாமே?"

"சொன்னேன் மைனி. அண்ணே, கப்பலு பக்கத்துல கெடக்கு, வலைய வெட்டிட்டுப் போவோம்னு சொன்னேன். அண்ணன் சிரிச்சாவ. 'நம்ம பொட்டு அவனுக்கு அஞ்சு மைல்லயே தெரிஞ்சிருக்கும்லே, அவன் ஒதுங்கிப் போவான், நீ வலைய இழு'ன்னாவ." மூக்கைச் சட்டையில் துடைத்தான். "கம்பத்துல அது இல்லேங்கறது அவியளுக்கு மறந்தே போச்சு. எனக்கும் மறந்து போச்சு. தண்ணிக்குள்ள போனப்பொறவுதான் ஞாபகம் வந்து."

தூக்கில் இருந்த கஞ்சித் தண்ணியை அவனுக்குக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 2

வேலைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 3

வேலைக்குப் போனேன்.

அக்டோபர் 11

இன்று அவருக்குப் பிறந்தநாள். கல்லறையில் அந்த நீலச் சட்டைக்கு மெழுகுவர்த்தி வைத்தேன். காற்றில் நிற்கவில்லை.

நவம்பர் 30

பங்குச்சாமி கூப்பிட்டு அனுப்பினார். டெல்வின் ஜாமீனில் வீட்டில்தான் இருக்கிறானாம். யாரோடும் பேசுவதில்லையாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்னை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறானாம். "ஒனக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம் எமல்டா" என்றார்.

வரட்டும் என்றேன்.

டிசம்பர் 17

பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கினேன். வெந்நீரில் துணி நனைத்து மஞ்சள் தாளையெல்லாம் உரித்தேன். வாலை அறுத்தேன். பல்பைக் கழற்றினேன். பசை போக மணல் போட்டுத் தேய்த்தேன். இப்போது வெறும் தகடு. எட்டு மூலை. யார் பார்த்தாலும் என்ன என்று தெரியும்.

வாயால் சொல்ல எனக்கு வராது. பத்து மாசமாகப் பார்த்துவிட்டேன். இது கண்ணில் படுவதற்கென்றே செய்த சாமான். இதுவே சொல்லட்டும். ஜெனோபா காறித் துப்பினால் துப்பட்டும். அந்தப் பையனுக்கு இதைப் பார்த்தால் போதும், ஒரு வார்த்தை தேவையில்லை.

டிசம்பர் 18

ஏணி போட்டு நானே முகப்பில் கட்டினேன். வாசலுக்கு நேர் மேலே, கொஞ்சம் தாழ்வாக.

ஒரு வருஷம் கழியாத துக்க வீட்டில் யாரும் நட்சத்திரம் போட மாட்டார்கள். தெருக்குழாயில் பேசிக்கொண்டார்கள். "புருஷனுக்கு ஆண்டு பூசைகூட ஆவல, அதுக்குள்ள ஸ்டாரா?" என்று எனக்குக் கேட்கும்படியே ஒருத்தி சொன்னாள்.

ஜெனோபா வந்தாள். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"எடி, இது போட்டுல கெட்டுததில்லா?"

"ஆமா."

"அண்ணனுக்க போட்டுல இருந்த மாதிரியே இருக்கு."

"ஆமா" என்றேன்.

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவிய ஞாபகமா வாங்கிப் போட்டியாக்கும். நீ அண்ணைக்குக் கோர்ட்டுல சொன்னியே, மின்னிச்சு மின்னிச்சுன்னு. எனக்கு இது தோணலியே மக்ளே." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் அந்தப் பெண்களைச் சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 19

கிளீட்டஸ் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "மைனி, இத எறக்குங்க. அவன் வரப்போறான். பாத்தா அவனுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டு."

"ஒங்களுக்குப் பைத்தியமா?"

ஏணியைத் தொட்டான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்கு இது பழக்கம். விட்டுவிட்டுப் போய்விட்டான்.

டிசம்பர் 21

காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். நல்ல வெயில். பங்குச்சாமி முன்னால், அவன் பின்னால். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலேயே தெரிந்தான். நேராக வந்தான். திசை மாறவில்லை. தூரம் மட்டும் குறைந்தது. முப்பது அடி, இருபது அடி, பத்து அடி.

பங்குச்சாமி வாசலில் நின்று மேலே பார்த்தார். "என்ன எமல்டா, இந்த வருஷம் பேப்பர் ஒட்டலியா?" என்றார்.

அவன் நிமிரவில்லை. தலை குனிந்தே இருந்தான். தெருவிலிருந்தே அப்படித்தான் வந்தான். படியைப் பார்த்து ஏறி, நிலையைப் பார்த்து இன்னும் குனிந்து, அதற்குக் கீழே நுழைந்து வந்துவிட்டான். காது மட்டும் அதேபோல விரிந்திருந்தது. மற்றதெல்லாம் பாதியாகியிருந்தது.

தரையில் உட்கார்ந்தான். நாற்காலி வேண்டாம் என்றான்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றான்.

அவனே தொடர்ந்தான்.

"பொட்டு இருந்துச்சு. மொதல்ல இல்லன்னுதான் நெனச்சேன். எல்லாரும் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அம்மா சொன்னா. நீங்க மின்னிச்சுன்னு சொன்னிய. தெனமும் கண்ண மூடிப் பாத்தேன், அந்தத் திரையவே. இப்பம் தெரியுதுக்கா. மழைக்குள்ள சின்னதா ஒண்ணு இருந்துச்சு. நாந்தாம் மழன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"எங்க இருந்து?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

இந்த டைரி மேஜையில் கிடந்தது. எடுக்கட்டுமா என்று கேட்டான். நான் மார்ச் மாதம் போட்ட வட்டங்களின் பக்கம் தானாகத் திறந்தது. இது என்ன என்று அவன் கேட்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டான். "இது மூணு மணி." இன்னொன்று. "மூணு ஆறு." இன்னொன்று. "மூணு பன்னெண்டு." ஸ்கேல் இல்லாமலே கோடு இழுத்தான். கோடு நேராக வந்தது. நடுப்புள்ளி வழியாகப் போனது. அந்தப் பக்கத்தைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இங்க ஒதுங்கியிருக்கணும்" என்று முதல் குறியைத் தொட்டுக் காட்டினான். "என்ன மன்னிப்பியளா?"

வாசலுக்கு மேலே அது காற்றில் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் தரையில், அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், துண்டு துண்டாக ஓடியது. அவன் அதைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே பார் என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"மன்னிச்சாச்சு தம்பி" என்றேன்.

பங்குச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆசீர்வாதம் கொடுத்தார்.

போகும்போது நிலையைத் தாண்டியதும் அது அவன் தலையில் இடித்தது. மரக்கிளையை விலக்குகிற மாதிரி, பார்க்காமலே கையால் ஒதுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

ஜனவரி 6

மூன்று ராஜாக்கள் திருநாள். நட்சத்திரத்தை இறக்கினேன்.

கிளீட்டஸ் புதுப் படகில் கட்டுவதற்குக் கேட்டான். கொடுத்தேன். நன்றாகத் தேய்த்திருக்கிறீர்கள் மைனி, வெகு தூரத்துக்குத் தெரியும் என்றான்.